கழுநீர் போன வழி

வீட்டுக் கழிவுநீர் வெளியேறும் இடத்துக்குத் தமிழில் அங்கணம், தூம்பு, சலதாரை எனப் பல சொற்கள் வழங்கிவந்துள்ளன. அவற்றுள் அங்கணம் திருக்குறளிலேயே காணப்படும் அளவுக்குப் பழையது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரம் ஏரிப்பாசனத்தை நம்பியிருந்த காலத்தில், குளித்த நீரும் பாத்திரம் துலக்கிய நீரும் திறந்த தாரை வழியே கொல்லை வாழைக்கும் தென்னைக்கும் போயின. அரிசி களைந்த நீரும் வடித்த கஞ்சியும் அங்கணத்துக்கே வராமல், மாட்டுக்கென வைத்த கழுநீர்ப் பானையில் சேர்ந்தன. சாம்பலும் தேங்காய் நாரும் தாரையில் தேங்கினாலும் அது கண்ணுக்குத் தெரிந்ததால், ஒரு குச்சியால் தள்ளிவிட அடைப்பு நீங்கியது.

இந்த ஒழுங்கைத் தொழிற்சாலைகள் மாற்றின. 1949-இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ், 1961-இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை, 1964-இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை என ஒன்றன்பின் ஒன்றாக வேலை தந்த இடங்களைச் சுற்றி மனைப்பிரிவுகள் பெருகின. பாதாளச் சாக்கடை வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே வீடுகள் எழுந்துவிட்டதால், ஒவ்வொரு வீடும் தன் கழிவைத் தன் மனைக்குள்ளேயே செப்டிக் டேங்கில் வைத்துக்கொள்ள நேர்ந்தது. கனமானது அடியில் வண்டலாகப் படிய, எண்ணெய்ப்பசை மேலே ஏடாக மிதக்க, இடையிலுள்ள நீர் மட்டும் உறிஞ்சுகுழி வழியாக மண்ணில் இறங்குவதே இத்தொட்டியின் இயக்கம். ஆனால், ஏரிகளை ஒட்டிய தாழ்நிலத்தில் ஐப்பசி, கார்த்திகை மழைக்கு நிலத்தடி நீர் மேலேறிவிட்டால் மண் நீரை ஏற்க மறுக்கிறது. தொட்டி நிரம்பி, கழிவு வந்த வழியே திரும்பிக் குளியலறைத் தரையில் பொங்குகிறது. இதை வெறும் குழாய் அடைப்பு என்று எண்ணிக் கம்பி விட்டுக் குத்துவதால் பயன் இல்லை.

உண்மையான அடைப்பு பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே உருவாகிறது. மாடும் கழுநீர்ப் பானையும் மறைந்தபின் கஞ்சி சமையலறைத் தொட்டித்துளைக்குள் போயிற்று; தாளித்த எண்ணெய் குழாயின் உட்சுவரில் பசையாக ஒட்ட, அதன்மேல் கஞ்சியின் மாவும் காப்பித்தூளும் அடுக்கடுக்காகப் படிந்து வழி குறுகுகிறது. குளியலறையில் இதே வேலையைத் தலைமுடியும் சோப்பும் செய்கின்றன. அங்கே தரையில் பதிக்கப்படும் நானி ட்ராப், குளியலறை எனப் பொருள்படும் மராத்திச் சொல்லால் பெயர் பெற்றது; அதன் கிண்ணத்தில் எப்போதும் நிற்கும் சிறிதளவு நீர் சாக்கடைக் காற்றை வீட்டுக்குள் விடாமல் தடுக்கிறது. வாரம் ஒருமுறை சல்லடையைத் தூக்கி முடியை எடுத்தெறிவதும், எண்ணெய்ச் சட்டியைக் காகிதத்தால் துடைத்தபின் கழுவுவதும் எந்த அமிலத்தையும்விடப் பயன் தருபவை.

2011-இல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியுடன் இணைந்தது. 2019-இல் ஆவடி தனி மாநகராட்சியாயிற்று. ஆனாலும், பாதாளச் சாக்கடை எட்டாத தெருக்களில் இன்றும் கழிவுநீர் லாரியே வந்து தொட்டியை உறிஞ்சுகிறது. லாரியும், நீரை அழுத்தத்தோடு பாய்ச்சி அடைப்பெடுக்கும் ஜெட்ராடிங் இயந்திரமும் வருவதற்கு முன் நீண்ட மூங்கில் பிளாச்சுகளை ஆள்நுழைகுழிக்குள் செலுத்தி அடைப்பை எடுத்தவர்களும், பிளாச்சு எட்டாதபோது உள்ளேயே இறங்கியவர்களும் பெரும்பாலும் சாதி காரணமாக இத்தொழிலுக்குள் தள்ளப்பட்டவர்கள். இந்த வரலாற்றில் மிகக் கொடிய பக்கம் இதுவே. மூடிய தொட்டியில் திரளும் ஹைட்ரஜன் சல்பைடு ஓரிரு மூச்சிலேயே நினைவிழக்கச் செய்யும்; முதலில் இறங்கியவரைத் தூக்கப் போனவரும் அதே தொட்டியில் மடிவது திரும்பத் திரும்ப நடந்துள்ளது.

இத்தகைய மரணங்களுக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க 2014-இல் ஆணையிட்ட உச்ச நீதிமன்றம், 2023-இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. பாதுகாப்புக் கருவிகளின்றி ஒருவரைச் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ இறக்குவதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளாட்சி அமைப்புகளையும் ஒப்பந்ததாரர்களையும் மட்டும் கட்டுப்படுத்துவதன்று. தன் வீட்டுத் தொட்டிக்குக் கூலி பேசி ஆளை இறக்கும் உரிமையாளருக்கும், முதல் குற்றத்துக்கே, 2 ஆண்டுகள் வரை சிறையோ 2 லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டும் சேர்த்தோ விதிக்க அது இடமளிக்கிறது.