நாகப்பட்டினம் ஆழிப்பேரலை (2004)

2004 டிசம்பர் 26, ஞாயிறு இந்திய நேரப்படி காலை 6.29 மணிக்குச் சுமத்ராவின் மேற்குக் கரைக்கு அப்பால் 9.1 அளவில் நேர்ந்த நிலநடுக்கத்தால் எழுந்து, காவிரிப் படுகையின் கடலோரத்தைத் தாக்கிய பேரலைகள். இந்தியப் புவித்தட்டு பர்மாத் தட்டின் அடியில் செருகும் விளிம்பில் முறிவு சுமார் 1,300 கி.மீ. ஓடியது, கடல்தரை எழும்பி மேலிருந்த நீரைத் தள்ளியது.

அலை வந்துசேர இரண்டு மணி நேரத்துக்கு மேலாயிற்று. அத்தனை நேரம் இருந்தும் கரையில் எச்சரிக்க ஏற்பாடில்லை. இந்நிகழ்வின் ஆறாத வடு இதுவே. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் போன்ற மீனவர் ஊர்களும், கிறிஸ்துமஸுக்கு மறுநாள் திருப்பயணிகள் நிறைந்திருந்த வேளாங்கண்ணியும் பேரிழப்பைக் கண்டன. பல ஊர்களில் பெண்களும் குழந்தைகளுமே அதிகம் மாண்டனர். ஆழ்கடலில் நிற்கும் படகின் அடியில் அலை தெரியாமலே கடந்துவிடும். கரையில் இருந்தவர்களுக்கு அந்த வாய்ப்பில்லை.

கடலோர வயல்களில் நின்ற சம்பாப் பயிர் உப்புநீரில் கருகியது. சோடியம் ஏறிய களிமண் இறுகி நீரை உள்ளே விடாது. ஜிப்சம் இட்டு, மழைநீரைத் தேக்கி வடித்து, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுது மண்ணை மீட்டனர். நிலமற்ற கூலிகளுக்கு, குறிப்பாகத் தலித் குடும்பங்களுக்கு, நிவாரணம் பிந்தியே வந்தது, அது அநீதி.

2007 முதல் ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது. ஆயினும் கரையில் நில அதிர்வை உணர்ந்தாலோ, கடல் திடீரென உள்வாங்கினாலோ, அறிவிப்புக்குக் காத்திராமல் மேட்டுக்கு ஓடுங்கள்.