கையால் செய்த வாழ்த்து அட்டை: காகஸிகளின் நெடும்பயணமும் நம் வீட்டுப் பெருநாளும்



நாம் அன்றாடம் வழங்கும் ‘காகிதம்’ என்னும் சொல், பாரசீக மொழியின் ‘காகஸ்’ என்பதோடு உறவுடையது. கிராமத்துப் பெரியவர்கள் கூறும் ‘கடுதாசி’ போர்த்துக்கீசியர் வழியே வந்தது. கடைக்காரர் ‘ஒரு ரீம்’ என்று எண்ணிக் கொடுக்கின்றாரே, அந்த ‘ரீம்’ கூட ‘கட்டு’ என்று பொருள்படும் ‘ரிஸ்மா’ என்ற அரபுச் சொல்தான். அது ஸ்பெயின் வழியாக ஐரோப்பாவைச் சுற்றி, ஆங்கிலத்தின் வாயிலாக நம் கடைவீதிக்கு வந்து சேர்ந்தது. ஒரு பொருள் எவர் கைகளைக் கடந்து வந்தது என்பதை அதன் பெயரே பல வேளைகளில் சொல்லிவிடுகின்றது.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. ரமலான் இறுதிப் பகுதியில் மதரஸா பிள்ளைகள் வண்ணத்தாள்களை வெட்டி ஒட்டி, உறவினருக்கும் தோழர்களுக்கும் பெருநாள் வாழ்த்து அட்டை செய்கின்றனர். அதைக் கண்ட பெற்றோர் சிலர், “உஸ்தாத், இது நம்முடைய வழக்கம்தானா? பிறரைப் பார்த்துச் செய்வதல்லவா? காசும் நேரமும் வீண்தானே?” என்று கேட்கின்றனர். நியாயமான கேள்விகளே. அவற்றுக்கான விடையை வரலாற்றிலிருந்து தேடிப் பார்ப்போம்.

சமர்கந்திலிருந்து பக்தாதுக்கு

காகிதம் சீனாவில் பிறந்தது. கி.பி. 751இல், அதாவது ஹிஜ்ரி 133இல், மத்திய ஆசியாவின் தலாஸ் ஆற்றங்கரையில் அப்பாஸியப் படைக்கும் சீனப் படைக்கும் இடையே போர் நிகழ்ந்தது. அதில் சிறைப்பட்ட சீனக் கைவினைஞர்களே சமர்கந்தில் காகிதம் செய்யக் கற்றுக்கொடுத்தனர் என்று பழைய அரபு நூலாசிரியர்கள் எழுதியுள்ளனர். அப்போருக்கு முன்பே அப்பகுதியில் காகிதம் பழக்கத்தில் இருந்தது என்பது இக்கால ஆய்வாளர்களின் கருத்து. எவ்வாறாயினும், எட்டாம் நூற்றாண்டின் முடிவுக்குள் கலீஃபா ஹாரூன் ரஷீதின் பக்தாதில் காகிதத் தயாரிப்பு வேரூன்றிவிட்டது. அடுத்த நூற்றாண்டில் வாழ்ந்த யஃகூபி என்னும் வரலாற்றாசிரியர், பக்தாதின் ‘வர்ராக்’கள் கடைவீதியில் நூற்றுக்கும் மேற்பட்ட கடைகள் இருந்ததாகக் குறிப்பிடுகின்றார். வர்ராக் என்போர் காகிதம் விற்பார்கள், நூல்களைப் படியெடுப்பார்கள், அவற்றைக் கட்டிக் கொடுப்பார்கள். தோலிலும் பாப்பிரஸிலும் எழுதியது போய், கந்தல் துணியிலிருந்து செய்த மலிவான ஏட்டில் எழுதும் காலம் வந்தது. ஹதீஸ் தொகுப்புகளும் மருத்துவ நூல்களும் கணித நூல்களும் பெருகிய காலம் அதுவே. இதைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியாது.

இந்தியாவின் காகஸிகள்

இக்கலை இந்தியாவிலும் முஸ்லிம் கைவினைஞர்களின் கைகளில் வளர்ந்தது. காஷ்மீரை 15ஆம் நூற்றாண்டில் ஐம்பது ஆண்டுகள் ஆண்ட சுல்தான் ஸைனுல் ஆபிதீன், சமர்கந்திலிருந்து கைவினைஞர்களை வரவழைத்துக் குடியமர்த்தினார் என்பது அங்குள்ள மரபு. காகிதக்கூழால் எழுதுகோல் பெட்டிகளும் கிண்ணங்களும் செய்து, அவற்றின் மீது பூவும் கொடியும் தீட்டும் காஷ்மீரின் புகழ்பெற்ற கலையும் அவர் காலத்தோடு சேர்த்தே பேசப்படுகின்றது. காகிதம் எழுதுவதற்கு மட்டுமன்றி, பரிசளிக்கத்தக்க அழகுப் பொருளாகவும் ஆனதற்கு இது ஒரு பழைய சான்று.

மகாராஷ்டிரத்தில் தௌலதாபாத் கோட்டைக்கு அருகே ‘காகஸிபுரா’ என்றே ஓர் ஊர் உள்ளது. ஜெய்ப்பூரை அடுத்த சாங்கானேரில் காகிதம் செய்யும் முஸ்லிம் குடும்பங்கள் ‘காகஸி’ என்பதையே தம் குடும்பப் பெயராகக் கொண்டுள்ளன. அவர்களின் செய்முறையும் அறியத்தக்கது. பழந்துணியையும் கயிற்றையும் ஊறவைத்து, இடித்துக் கூழாக்கி, பெரிய தொட்டி நீரில் கரைப்பார்கள். மெல்லிய புல்லால் பின்னிய தட்டியை அதில் அமிழ்த்தி மேலே எடுத்தால், நீர் வடிந்து ஒரு படலம் தங்கும். அதை உலர்த்தி, மாவுப்பசை பூசி, வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றுவார்கள். இத்தனை உழைப்புக்குப் பிறகே ஒரு தாள் கிடைக்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இத்தொழிலுக்குப் பேரிடி விழுந்தது. ஒரே அளவிலும் ஒரே தடிமனிலும் மலிவான தாளை அச்சகங்கள் கேட்டன. இயந்திர ஆலைத் தாள் அதைக் கொடுத்தது. ஆங்கில அரசு தன் அலுவலகத் தேவைக்குக் கைதிகளைக் கொண்டு சிறைகளிலும் காகிதம் செய்வித்தது. காகஸிகளின் தொட்டிகள் ஊர் ஊராக வறண்டன. தொழில் தெரிந்தவர்கள் கூலி வேலைக்குச் சென்றனர்.

தஞ்சாவூர்த் தமிழர் காட்டிய அக்கறை

1934இல் காந்தியடிகள் அகில இந்திய கிராமத் தொழில்கள் சங்கத்தை வார்தாவில் தொடங்கினார். அதன் செயலாளராகப் பொறுப்பேற்றவர் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா. அழிந்துகொண்டிருந்த கைக்காகிதத் தொழிலையும் மீட்க வேண்டியவற்றுள் ஒன்றாக அச்சங்கம் எடுத்துக்கொண்டது. விடுதலைக்குப் பின் கதர் கிராமத் தொழில்கள் ஆணையம் அப்பணியைத் தொடர்ந்தது. இன்று சாங்கானேரில் இயங்கும் தேசியக் கைக்காகித நிறுவனம் குமரப்பாவின் பெயரையே தாங்கி நிற்கின்றது. முஸ்லிம் குடும்பங்கள் நூற்றாண்டுகளாகக் காத்த தொழிலுக்கு, ஒரு தமிழ்க் கிறித்தவர் வாழ்நாள் உழைப்பின் ஒரு பகுதியைத் தந்தார். நன்றி மறப்பது நமக்கு அழகன்று.

ஆயினும் அக்கறையும் மானியமும் மட்டும் ஒரு தொழிலை வாழவைத்துவிடா. அலுவலகக் கோப்புக்கும் பள்ளி நோட்டுக்கும் ஆலைத்தாளே போதும் என்ற நிலையில் கைக்காகிதத்தை யார் வாங்குவார்? இங்கேதான் வாழ்த்து அட்டை வரலாற்றில் நுழைகின்றது. அழைப்பிதழ், வாழ்த்து அட்டை, பரிசுப் பெட்டி, பை, குறிப்பேடு ஆகியவற்றுக்கு மக்கள் அந்தத் தாளைத் தேடினர். பிசிறு பிசிறான அதன் விளிம்பும், ஒன்றைப்போல் மற்றொன்று இராத அதன் மேற்பரப்பும் அரசு அலுவலகத்துக்குக் குறையாகத் தோன்றின. அன்பளிப்பு கொடுப்பவருக்கோ அவையே சிறப்பாயின. சாங்கானேரிலிருந்து இவை வெளிநாடுகளுக்கும் ஏற்றுமதியாயின. எழுதுவதற்காகப் பிறந்த கலை, மனிதர் ஒருவருக்கொருவர் அன்பைத் தெரிவிப்பதற்காக மீண்டும் உயிர் பெற்றது.

நம் பக்கத்து ஊரிலும்

தமிழகத்துக்கும் இதில் பழைய தொடர்பு உண்டு. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தரங்கம்பாடியில் அச்சகம் நடத்திய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்க், அருகிலுள்ள பொறையாற்றில் ஒரு காகிதப் பட்டறை அமைத்தார். ‘கடுதாசிப்பட்டறை’ என்ற பெயர் அதை இன்றும் நினைவூட்டுகின்றது.

நம் திருவண்ணாமலையிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள புதுச்சேரியில், 1959 முதல் அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதத் தொழிற்கூடம் இயங்கி வருகின்றது. பருத்தித் துணிக் கழிவே அங்கு மூலப்பொருள். காகிதத்துக்காக மரம் வெட்ட வேண்டியதில்லை. அங்கு செய்யப்படும் வண்ண அலைத் தாள்கள் பெயர்பெற்றவை. பசைத்தன்மை ஏற்றிய நீரின் மேல் நிறங்களைத் தெளித்து, மெல்லிய குச்சியால் கோலமிட்டு, அதன்மேல் தாளைப் படியவைத்து எடுக்கும் முறை அது. இக்கலையைப் பாரசீகத்தில் ‘அப்ரி’ என்றும் துருக்கியில் ‘எப்ரு’ என்றும் அழைப்பர். 17ஆம் நூற்றாண்டில் தக்காணத்துப் பீஜப்பூர் சுல்தான்களின் காலத்து ஓவியர்கள் இதில் வியக்கத்தக்க படங்களைச் செய்துள்ளனர். துருக்கியின் எப்ருவை 2014இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. கடைகளில் நாம் புரட்டிப் பார்க்கும் ஓர் அலைத் தாளுக்குள் இத்தனை ஊர்களின் கைவண்ணம் அடங்கியுள்ளது.

பெருநாள் அட்டை: நமதா, பிறருடையதா?

பெருநாளில் ஒருவருக்கொருவர் துஆச் செய்து வாழ்த்துவது பழைய வழக்கம். ஸஹாபாக்கள் பெருநாளன்று சந்தித்தால், “அல்லாஹ் எங்களிடமிருந்தும் உங்களிடமிருந்தும் ஏற்றுக்கொள்வானாக” என்ற பொருளில் துஆக் கூறிக்கொண்டனர் என்ற அறிவிப்பு உள்ளது. அந்த வாழ்த்து அட்டையில் ஏறியது பிற்காலத்தில்தான். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லாகூர், டெல்லி, பம்பாய் அச்சகங்கள் பெருநாள் அட்டைகளை விற்றன. ஐரோப்பாவில் அச்சான பட அட்டைகளின் மேலேயே உருதுவில் ‘ஈத் முபாரக்’ என்று அச்சிட்டு விற்றதும் உண்டு. இரயிலும் தபாலும் பெருகி, பிழைப்புக்காகக் குடும்பங்கள் பிரிந்து வாழத் தொடங்கிய காலம் அது. ஆகவே அட்டை என்னும் உருவம் ஐரோப்பாவிலிருந்து வந்தது. அதில் ஏறிய துஆ நம்முடையது.

பிறரிடமிருந்து வந்த உருவத்தை ஏற்கலாமா? காகிதத்தைப் பற்றியே இக்கேள்வி முன்பு எழுந்தது. 14ஆம் நூற்றாண்டில் இத்தாலியக் காகிதம் வட ஆப்பிரிக்கச் சந்தைகளை நிறைத்தது. அதை வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே நீரோட்டக் குறிகள் தெரியும். சிலவற்றில் சிலுவை வடிவமும் இருந்தது. அத்தாளில் மார்க்க நூல்களை எழுதலாமா என்று மக்கள் தயங்கினர். தில்ம்ஸான் நகரத்து மாலிகி அறிஞர் இப்னு மர்ஸூக் 1409இல் விரிவான ஃபத்வா வழங்கினார். அத்தாளில் எழுதுவது கூடும் என்பது அவர் முடிவு. அசத்தியத்தின் மேல் அல்லாஹ்வின் பெயர் எழுதப்படும்போது சத்தியமே மேலோங்குகின்றது என்பது அவர் காட்டிய காரணங்களுள் ஒன்று. அவர் மக்களின் கவலையை எள்ளி நகையாடவுமில்லை. அக்கவலையைக் காரணம் காட்டிக் கல்வியின் வாயிலை அடைக்கவுமில்லை. அந்த நிதானம் நமக்கும் வேண்டும். வாழ்த்து அட்டை வணக்கமன்று. அதைச் செய்வது கடமையுமன்று. அது ஓர் அன்பளிப்பு. அன்பளிப்பை நபி (ஸல்) அவர்கள் ஊக்குவித்தார்கள். கொடுக்கப்படும் பொருள் எளியது என்பதற்காக அதை அற்பமாகக் கருதக் கூடாது என்றும் கற்பித்தார்கள்.

பேண வேண்டிய ஒழுங்குகள்

ஆகுமானது என்பதற்காக ஒழுங்கின்றிச் செய்துவிடக் கூடாது. முதலாவதாக, அட்டை நாளடைவில் எங்கே போய்ச் சேரும் என்று எண்ண வேண்டும். இறைவசனங்களையும் அல்லாஹ்வின் திருப்பெயரையும் எழுதினால், அது காலடியிலும் குப்பையிலும் விழ நேரிடும். தமிழில் அழகாக ‘பெருநாள் நல்வாழ்த்து’ என்று எழுதினாலே போதும். பழையவற்றில் திருப்பெயர் இருப்பின், அவற்றைத் தனியே சேர்த்து மண்ணில் புதைப்பது போன்ற முறைகளில் கண்ணியமாக அகற்ற வேண்டும்.

இரண்டாவதாக, வீண்விரயம் தவிர்த்தல். கந்தலிலிருந்து ஏடு செய்தவர்கள் காகஸிகள். திருமண அழைப்பிதழ்களின் வெற்றுப் பக்கம், துணிக்கடைப் பெட்டியின் அட்டை, தையலில் மிஞ்சிய பட்டுத் துண்டு ஆகியவை நம் வீடுகளிலேயே உள்ளன. ஓர் எளிய வடிவத்தைச் சொல்கின்றேன். ஒரே அளவான இரு சதுரத் தாள்களை இரண்டு நிறங்களில் வெட்டுங்கள். ஒன்றின் மேல் மற்றொன்றைச் சற்றுத் திருப்பி, மேற்சதுரத்தின் முனைகள் கீழ்ச்சதுரத்தின் பக்கங்களுக்கு நடுவே வருமாறு ஒட்டுங்கள். எட்டு முனை நட்சத்திரம் கிடைக்கும். குர்ஆன் பிரதிகளின் ஓரத்தில் பகுதிகளைக் குறிக்கும் அதே வடிவம். ஏழு வயதுப் பிள்ளையும் செய்துவிடும்.

மூன்றாவதாக, யாருக்கு என்பது. வளைகுடாவில் வேலை செய்யும் அத்தாவுக்கும், சிங்கப்பூரிலுள்ள மாமாவுக்கும் முதலில் அனுப்புங்கள். கண்பார்வை மங்கிய நன்னிக்குப் பெரிய எழுத்தில் எழுதிக் கையில் கொடுத்து, அருகில் அமர்ந்து படித்துக் காட்டுங்கள். உறவை முறித்துக்கொண்டிருக்கும் உறவினர் எவரேனும் இருந்தால், பிள்ளையின் கையால் ஓர் அட்டை அனுப்பிப் பாருங்கள். பெரியவர்கள் தயங்கும் வாசற்படியைப் பிள்ளைகள் எளிதில் தாண்டிவிடுவார்கள்.

அண்டை வீட்டாரையும் மறக்க வேண்டாம். திருவண்ணாமலையில் நம் தெருக்கள் கிரிவலம் வருவோரின் வழித்தடங்களோடு பின்னிக் கிடக்கின்றன. பெருநாள் பிரியாணி அவர்கள் வீடுகளுக்குச் செல்கின்றது. அவர்கள் வீட்டுப் பலகாரம் நமக்கு வருகின்றது. பொங்கல் வாழ்த்து அட்டைகளைத் தபால்காரர் கட்டுக்கட்டாகச் சுமந்து வந்த காலம் நடுத்தர வயதினருக்கு நினைவிருக்கும். இன்று கைப்பேசியில் ஒரே படத்தை நூறு பேருக்கு அனுப்பிவிடுகின்றோம். அதில் தவறில்லை. ஆனால் நூறு பேருக்குச் சென்ற அப்படத்தை எடுத்து வைத்துக்கொள்பவர் எவருமில்லை. தன் பெயரெழுதித் தனக்கென்றே செய்த ஓர் அட்டையை அலமாரியில் பத்திரப்படுத்தாத பாட்டியும் இல்லை.

காகஸிகள் தாம் செய்த ஏட்டில் தம் பெயரை எழுதவில்லை. பிறர் எழுதுவதற்காக அதை மெருகேற்றிக் கொடுத்தார்கள். வரும் பெருநாளுக்கு வீட்டில் கத்தரிக்கோலும் பசையும் எடுக்கும்போது, அந்தக் கைகளைப் பற்றிப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை சொல்லிக் கொடுங்கள். பிறகு யாருக்கு முதல் அட்டை என்பதை அவர்களையே முடிவு செய்யச் சொல்லுங்கள்.