மதிலும் எறிபடையும்: தியாகதுருகம் காட்டும் போர்க்கருவி வரலாறு

மதிலை வளைத்துப் பொருவதையும் மதிலைக் காத்து நிற்பதையும் தொல்காப்பியர் உழிஞை என்னும் ஒரே திணையுள் அடக்கினார். புறப்பொருள் வெண்பாமாலை காப்போன் செயலைப் பிரித்து நொச்சி என்னும் தனித்திணையாக்கிற்று. இரண்டிலும் நடுநாயகமாக விளங்குவது மதிலே. சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதை, மதுரை மதிலின்மேல் நிறுத்தப்பட்டிருந்த பொறிகளை நிரல்படக் கூறுகிறது. கல்லெறியும் கவணும் அவற்றுள் ஒன்று. வெடிமருந்து வந்தபின் இம்மதிலுக்கு நேர்ந்தது யாது? விடையைத் தேடித் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. கள்ளக்குறிச்சிக்குக் கிழக்கே நிற்கும் தியாகதுருகம் மலைக்கோட்டையே அதற்குச் சான்று.

வடக்கே கல்வராயன் மலை, தெற்கே பச்சைமலை. இவ்விரண்டுக்கும் இடையில் ஆத்தூர் வழியாகச் சேலத்துச் சமவெளியும் கடற்கரை நாடும் இணைகின்றன. மைசூரிலிருந்து இறங்கும் படையும் புதுச்சேரியிலிருந்து மேற்கே ஏறும் படையும் இவ்வழியை விரும்பின. காளைகள் இழுக்கும் பீரங்கி வண்டி மலைமேல் ஏறாது. அடிவாரத்தை ஒட்டியே செல்லவேண்டும். அவ்வழியின் வாயிலில் நின்றமையால்தான் தியாகதுருகம் பெருமை பெற்றது. 1760-இல் பிரெஞ்சுக்காரர், ஐதர் அலியின் துணையை வேண்டி, இக்கோட்டையையும் எலவானாசூரையும் மைசூரார்க்கு அளித்தனர் என்பது அதன் மதிப்பை உணர்த்தும். 1761-இல் புதுச்சேரி வீழ்ந்தபின், மேஜர் பிரஸ்டன் தலைமையில் ஆங்கிலப்படை நீண்ட முற்றுகையாலும் குண்டு வீச்சாலும் இதனைக் கைக்கொண்டது.

நேர்கோட்டில் சுடும் பீரங்கி மதிலின் முகத்தை உடைக்கும். மதிலுக்குப் பின்னால் இருப்பதை அதனால் தொட இயலாது. மலைக்கோட்டையிலோ மதிலே பாறைமேல் நிற்கிறது. இக்குறையைத் தீர்த்தது மார்ட்டர். குட்டையான, அகன்ற வாயுடைய குழல். வானை நோக்கி நிமிர்ந்தே சுடுவது. வெடிமருந்து நிரப்பிய உள்ளீடற்ற குண்டு மேலெழுந்து, மதிலைக் கடந்து, செங்குத்தாக வீழ்ந்து வெடிக்கும். அக்குண்டைத் தமிழர் தீக்குடுக்கை என்றனர். 1748-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டபோது ஊருக்குள் வீழ்ந்த குண்டுகளையும் மக்கள் கொண்ட அச்சத்தையும் ஆனந்தரங்கப்பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். எனினும் மார்ட்டர் முற்றுகைக்கே உரியது. தரையில் பதித்த கனத்த படுகையிலிருந்து சுடுவதால், நகரும் படையோடு அது விரைந்து செல்லாது.

ஹோவிட்சர் இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. பீரங்கியைவிடக் குறுகிய குழல், மார்ட்டரைவிட நீண்டது. சக்கர வண்டியில் ஏறியது. வெடிகுண்டை வளைந்த பாதையில் எறியும்; வேண்டுமிடத்துத் தாழ்ந்த கோணத்திலும் சுடும். மேட்டுக்குப் பின்னே ஒளிந்த படையையும் கோட்டைக்குள் நின்ற படையையும் ஒருங்கே தாக்கவல்லது. ஆயினும் வண்டி செல்லும் வழியும் காளைகளும் இன்றி அது பயன்படாது.

வழியைப் பற்றிக் கவலையற்றது வாணம். ஐதரும் திப்புவும் வளர்த்த மைசூர் வாணம், ஏறத்தாழ 20 செ.மீ. நீளமுள்ள இரும்புக் குழலில் மருந்தைத் திணித்து, மூங்கிலில் பிணைத்தது. இரும்பு உறை அழுத்தத்தைத் தாங்கியமையால் தாளுறை வாணத்தினும் தொலைவு சென்றது. ஒருவனே சிலவற்றைச் சுமக்கலாம். குழல் வேண்டா, வண்டி வேண்டா. குறி தப்புவதே அதன் குறை. ஆனால் குதிரையும் காளையும் மிரண்டோட அதன் சீற்றமே போதும். 1780 செப்டம்பர் 10-இல் காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்தன. அதனை வாணத்தின் செயல் என்பாரும் பீரங்கிக் குண்டின் செயல் என்பாரும் உளர். 1799-இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் இவ்வாணங்கள் இங்கிலாந்து சென்றன. அவற்றைக் கண்டே வில்லியம் காங்கிரீவ் தம் ஏவுகணையை உருவாக்கினார்.

இக்கருவிகள் யாவும் மலிந்த காலத்தில், 1790-ஆம் ஆண்டின் இறுதியில், திப்பு திருச்சிராப்பள்ளிப் பக்கமிருந்து வடக்கே வந்து தியாகதுருகத்தைத் தாக்கினார். உள்ளிருந்தவர் கேப்டன் பிளின்ட். 1780-81-இல் வந்தவாசியை ஐதரிடமிருந்து காத்தவர். பீரங்கி வீரர் இன்றியே வெடிமருந்தையும் பீரங்கி வண்டிகளையும் கோட்டைக்குள் செய்துகொண்டவர். சுற்றுப்புறச் சிற்றூர் மக்கள் தம் உடைமையோடு அடிவாரப் பேட்டையில் அடைக்கலம் புகுந்திருந்தனர். திப்புவின் படை பேட்டையையே குறிவைத்தது, தாக்குதல் முறியடிக்கப்பட்டது. அவர் திருவண்ணாமலை நோக்கி அகன்றார்.

இன்றைய படைகளிலும் இம்மூவகைப் பகுப்பு மாறவில்லை. காலாட்படை தானே சுமந்து செல்லும் 81 மி.மீ. மார்ட்டர் சில கிலோமீட்டரே எறியும். மலைச்சரிவின் மறுபுறத்திற்கு அதுவே ஏற்றது. 155 மி.மீ. போபர்ஸ் ஹோவிட்சர் 1999-இல் கார்கில் சிகரங்களில் தன் ஆற்றலைக் காட்டிற்று. பினாகா 12 ஏவுகணைகளை 44 நொடிகளில் செலுத்தி ஒரு பரப்பையே அழிக்கும். முதலது அருகிலிருப்போர்க்குத் துணை; இரண்டாவது குறிதவறாத தொடர்தாக்குதல்; மூன்றாவது பரந்த அழிவு. ஒன்று மற்றொன்றின் இடத்தை நிரப்பாது.

ஆனால் புறத்திணை இலக்கணத்தில் நேர்ந்த முறிவு இவற்றினும் பெரிது. உழிஞையும் நொச்சியும் சூடியவர் மறவர், மதிலே களம். தீக்குடுக்கை மதிலைக் கடந்த அன்றே களத்திற்கு எல்லை இல்லாதாயிற்று. தியாகதுருகம் மலைமேல் பழைய இரும்புப் பீரங்கிகள் இன்றும் கிடக்கின்றன. காண்போர் அவற்றின் வாயையே நோக்குகின்றனர். உழிஞையும் சூடாமல் நொச்சியும் சூடாமல் கீழே பேட்டையில் காத்திருந்த மக்களுக்கு நம் இலக்கணம் ஒரு பூவையும் வகுக்கவில்லை. அவர்களுக்குரிய துறையைப் பாடும் கடன் இனிவரும் புலவர்க்கு உரியது.