ஹூயிஸ் பதிவேடும் தனியுரிமையும்

ஹூயிஸ் என்பது இணைய ஆள்களப் பெயர் (டொமைன்) ஒன்றைப் பதிவு செய்தவர் யாரெனக் காட்டும் பொதுப் பதிவேடு ஆகும். இதற்கான நெறிமுறை 1982 இல் வெளியிடப்பட்டது. பதிவாளரின் பெயர், முகவரி, தொலைபேசி எண், மின்னஞ்சல் முகவரி ஆகியவற்றை நெடுங்காலம் எவரும் காண இயன்றது.

பயனும் பாதிப்பும்

வேலூர், இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களின் தோல் தொழில் ஏற்றுமதியைப் பெரிதும் சார்ந்தது. வெளிநாட்டுக் கொள்வனவாளர் ஒருவர், தம்முடன் தொடர்பு கொள்ளும் நிறுவனம் உண்மையானதா என அறிய இப்பதிவேடு உதவும். எனினும், வீட்டிலிருந்தே தொழில் புரியும் சிறு காலணி உற்பத்தியாளர் தம் பெயரில் பதிவு செய்தால் முன்னர் வீட்டு முகவரியும் கைபேசி எண்ணும் வெளியாகிவந்தன. இவ்வாறு திரட்டப்படும் முகவரிகளுக்கு எரிதங்களும் போலிப் புதுப்பித்தல் அறிவிப்புகளும் அனுப்பப்படுவதுண்டு.

விதிகள்

ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதி 2018 மே 25 அன்று நடைமுறைக்கு வந்தது. அதையொட்டி ஐக்கான் அமைப்பு, .காம் முதலிய பெயர்களின் பதிவுகளில் தனிநபர் விவரங்களை மறைக்க வழிசெய்தது. .இன் பெயர்களை 2005 முதல் நிக்சி நிர்வகிக்கிறது. இதில் வேறொருவர் பெயரில் மறைந்து பதிவு செய்ய இடமில்லை. உண்மை விவரங்களையே அளித்தல் வேண்டும். ஆயினும் பொதுத் தேடலில் அவை மறைக்கப்படுகின்றன.

இந்தியாவின் 2023 ஆம் ஆண்டு எண்ணிம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தாமே பொதுவில் வெளியிட்ட விவரங்களுக்குப் பொருந்தாது. முன்னர் வெளியான பதிவுகளின் படிகள் வணிகத் தொகுப்புகளில் இன்றும் எஞ்சியுள்ளன.