நாவும் அளவையும்



பல ஆண்டுகளுக்கு முன், நான் புள்ளியியல் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தபொழுது, கடைசி வரிசையிலிருந்த மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, ஸ்டூடண்ட்டின் சோதனை என்று சொல்கிறீர்களே, அந்த ஸ்டூடண்ட் யார்?" என்று கேட்டார். அச்சோதனையைப் பத்தாண்டுகளாகக் கற்பித்து வந்த எனக்கு விடை தெரியாது. தெரியாது என்று ஒப்புக்கொண்டிருக்கலாம். ஆசிரியன் என்ற செருக்கு இடந்தரவில்லை. "யாரோ ஒரு மாணவர் படிக்கும் காலத்தில் கண்டுபிடித்தது; அதனால் அப்பெயர் வந்தது" என்று சொல்லிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். வகுப்பு முடிந்த பின்னும் மனம் உறுத்திக்கொண்டே இருந்தது. மாலையில் நூலகத்திற் புகுந்து தேடினேன். அத்தேடல் என்னைக் கொண்டுபோய் நிறுத்திய இடம் பல்கலைக்கழகம் அன்று. அயர்லாந்தின் தலைநகராகிய டப்ளினில், கருநிறப் பீர் காய்ச்சும் ஓர் ஆலையின் வாயில்.

நான் மதுவருந்தாதவன். ஆகவே அப்பானத்தின் சுவையைப் பற்றி என் நாக்குச் சொல்லும் சாட்சி எதுவுமில்லை. ஆனால், சுவையை எவ்வாறு நிறுத்து மதிப்பிடுவது என்ற கேள்விக்கு மனிதன் விடை தேடிய வரலாறு அப்பானத்தோடு பிணைந்து கிடக்கிறது.

பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டன் மாநகரில் 'போர்ட்டர்' என்னும் கரிய பீர் தோன்றியது. மூட்டை சுமக்கும் தொழிலாளர்கள் விரும்பிக் குடித்ததால் அவர்கள் பெயரே அதற்கும் ஆயிற்று. வாற்கோதுமையை முளைக்கவிட்டு, பழுப்பேற உலர்த்தி, வெந்நீரில் ஊறவைத்து எடுத்த இனிப்பு வடிநீரை ஹாப்ஸ் என்னும் கொடியின் கசப்பான பூங்கதிர்களுடன் கொதிக்கவைத்துப் புளிக்கவிடுவார்கள். நல்ல போர்ட்டருக்கு மூன்று இலக்கணம்: கருமை, வலிமை, கசப்பு. கருமைக்குக் கண் சாட்சி. மற்ற இரண்டுக்கும் நாக்குச் சாட்சி. வேறு அளவை எதுவும் அன்று இல்லை.

சாட்சி ஒன்றே இருக்குமிடத்தில் பொய்க்கு வழி எளிது. நிறம் குறைந்தால் கருக்கிய சர்க்கரைப்பாகு. ஹாப்ஸுக்குப் பதில் குவாசியா என்னும் கசப்பு மரத்தின் சீவல். வலிமை குறைந்தால், குடித்தவன் தலை சுழல்வதற்கென்று ஒரு விதை. அந்த விதை நம் நாட்டிலிருந்து போனது என்று அறிந்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம்மவர் காக்கைக்கொல்லி என்று சொல்வதும், குளத்து மீன்களை மயக்கிப் பிடிக்க இட்டதுமான அதே நச்சு விதைதான்! 1816-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் பாராளுமன்றம் இத்தகைய பொருள்களைப் பீர் ஆலைகள் வைத்திருப்பதையே சட்டத்தால் தடுத்தது. அதன் பின்னரும் கலப்படம் ஒழியவில்லை என்பதை, 1820-இல் பிரெடரிக் ஆக்கும் என்னும் வேதியியலறிஞர் உணவுக் கலப்படங்களைப் பற்றி வெளியிட்ட நூல் அம்பலப்படுத்தியது.

இதற்கிடையில் நாக்குக்குத் துணையாகக் கருவியொன்று வந்து சேர்ந்திருந்தது. பாலில் நீர் கலந்திருக்கிறதா என்று பார்க்கப் பால்மானியை மிதக்கவிடுகிறோம் அல்லவா? அதன் இனத்தைச் சேர்ந்த திரவமானியை 1760-களின் இறுதியில் ஜேம்ஸ் பேவர்ஸ்டாக் என்னும் இளைஞர், ஆல்ட்டன் என்ற ஊரிலிருந்த தம் குடும்ப ஆலையில் சோதித்துப் பார்த்தார். தந்தைக்குப் புதுமைகள் பிடிக்காது. ஆகையால் மகன் கருவியை ஒளித்துவைத்தே வேலை செய்யவேண்டியிருந்தது. இலண்டனின் பேராலைக்காரராகிய சாமுவேல் விட்பிரெட்டிடம் கொண்டு காட்டியபோது, அவர் அதனைப் பகற்கனவென்று தள்ளிவிட்டார். ஹென்றி திரேல் என்ற மற்றோர் ஆலை முதலாளியே ஊக்கமளித்தார். அகராதி வகுத்த டாக்டர் ஜான்சனின் நண்பர் இந்தத் திரேல் என்பது இலக்கிய மாணவர்களுக்கு நினைவிருக்கலாம். 1784-இல் ஜான் ரிச்சர்ட்ஸன் என்பார் பீர் ஆலைக்கென்றே வகுத்த திரவமானியைப் பற்றி நூல் எழுதிய பின்னர் அக்கருவி பரவியது.

மிதந்த கருவி சொன்ன செய்தி, ஆலைக்காரர்களின் கணக்கைத் தலைகீழாக்கியது. பழுப்பு மால்ட்டு மலிவு என்று எண்ணி வாங்கிவந்தார்கள். அது தரும் இனிப்பு மிகக் குறைவு என்றும், வெளிறிய மால்ட்டே விலைக்குத் தக்க பயன் தருகிறது என்றும் இப்போது தெரிந்தது. எல்லோரும் வெளிறிய மால்ட்டுக்கு மாறினார்கள். பீரும் வெளிறிற்று! குடிப்பவர்களோ கருமையைக் கேட்டார்கள். மேலே சொன்ன சர்க்கரைப்பாகு அந்த இக்கட்டில் புகுந்ததே. 1817-இல் டேனியல் வீலர் என்பவர், காப்பிக்கொட்டை வறுக்கும் உருளையைப் போன்றதோர் இரும்பு உருளையில் மால்ட்டைக் கருக வறுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதில் ஒரு சிறு பங்கு சேர்த்தாலே பீர் முழுவதும் கறுத்துவிடும். காப்பி வறுபடும் மணத்தை அறிந்த நமக்கு, அப்பானத்தின் மணத்தை ஊகிப்பது கடினமன்று.

நிறமும் வலிமையும் ஒருவாறு அளவைக்குள் வந்தன. கசப்பு வரவில்லை. ஹாப்ஸ் வெறும் கசப்புக்காக மட்டும் இடப்படுவதன்று. அதிலுள்ள பிசின், பீரைக் கெடுக்கும் நுண்ணுயிர்களைத் தடுக்கிறது. நெடுந்தூரக் கப்பற்பயணத்துக்கு அனுப்பும் பீரில் ஹாப்ஸை மிகுதியாக இடுவது இதனாலேயே. 1759-இல் ஆர்தர் கின்னஸ் ஆண்டுக்கு 45 பவுன் வாடகையில் 9,000 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த டப்ளின் ஆலை, 1801-இல் மேற்கிந்தியத் தீவுகளுக்கென்று காய்ச்சத் தொடங்கிய போர்ட்டர் அத்தகையது: கரியது, வலியது, கசப்பு மிக்கது. நல்ல ஹாப்ஸை எப்படித் தெரிந்தெடுப்பது? வாங்குபவர் ஒரு பிடி எடுத்து, உள்ளங்கைகளுக்கிடையில் தேய்த்து, முகர்ந்து பார்ப்பார். அவர் மூக்கே தீர்ப்பு.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், உலகெங்கும் விற்கும் பேராலையாகிவிட்ட அவ்விடத்தில் மூக்கின் தீர்ப்பு போதவில்லை. ஆக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் விஞ்ஞானம் பயின்ற பட்டதாரிகளை ஆலை வேலைக்கு அழைத்தார்கள். அவர்களில் தாமஸ் கேஸ் என்பவர் ஹாப்ஸில் அடங்கிய மென்பிசினை அளந்தார். ஆயினும், சோதனைக்குக் கிடைத்த மாதிரிகள் மிகச் சில. ஒரு தொகுதியின் சராசரி மற்றொன்றினும் சற்று மிகுந்திருந்தால், அது உண்மையான வேற்றுமையா, தற்செயலா? ஆயிரக்கணக்கான மாதிரிகளுக்குரிய கணிதம் அன்றே இருந்தது. பத்துப் பன்னிரண்டுக்கு உரிய கணிதம் இல்லை.

1899-இல் அங்கு வேலைக்குச் சேர்ந்த வில்லியம் சீலி காசெட் என்னும் 23 வயது இளைஞரின் தலையில் இக்கேள்வி விழுந்தது. அவர் விடாப்பிடியாக அதனைத் தொடர்ந்தார். 1906-இல் இலண்டன் சென்று கார்ல் பியர்சனிடம் பயின்றார். தம் விடை சரியா என்று பார்க்க அவர் செய்த காரியம் என்னை வியக்கவைத்தது. 3,000 குற்றவாளிகளின் உயரமும் இடக்கை நடுவிரல் நீளமும் குறித்த பட்டியல் ஒன்று அச்சில் இருந்தது. ஒவ்வொன்றையும் ஓர் அட்டையில் எழுதி, அட்டைகளை நன்கு கலைத்து, நான்கு நான்காகப் பிரித்து, 750 சிறு மாதிரிகளை உண்டாக்கிக்கொண்டு, கணக்கு சொன்னதும் அட்டைகள் சொன்னதும் பொருந்துகின்றனவா என்று ஒப்பிட்டார். கணிப்பொறி இல்லாத காலம், எல்லாம் கைவேலை. 1908-இல் அவ்வாய்வு 'பயோமெட்ரிகா' இதழில் வெளியாயிற்று. ஆலைப் பணியாளர் தம் பெயரில் எதையும் வெளியிடக்கூடாதென்பது நிர்வாகத்தின் கட்டளை. ஆகவே கட்டுரையின் மேல் 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயர் நின்றது.

காசெட்டின் நண்பரான ரொனால்ட் ஃபிஷர் இதனை மேலும் வளர்த்தார். தேநீரில் முதலில் ஊற்றியது பாலா, தேநீரா என்று சுவைத்தே சொல்வேன் என்ற பெண்மணியை எட்டுக் கோப்பைகளால் சோதிப்பது எப்படியென்று 1935-இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். குருட்டாம்போக்கில் எட்டையும் சரியாகப் பிரிப்பதற்கு 70-இல் ஒரு வாய்ப்பே உண்டு. 1940-களில் டென்மார்க்கின் கார்ல்ஸ்பர்க் ஆலையில் மூன்று கோப்பைச் சோதனை உருவாயிற்று: இரண்டில் ஒரே பீர், ஒன்றில் வேறு, வேறானதைச் சுட்டவேண்டும். வெறும் ஊகத்திலேயே மூன்றில் ஒரு முறை சரியாகிவிடும். 12 முறையில் 8 முறை சரியாகச் சொன்னால், அது தற்செயலாக நிகழும் வாய்ப்பு நூற்றில் இரண்டுக்கும் குறைவு. அப்போதுதான் அந்த நாவை நம்பலாம். நிறம் காட்டிக்கொடுக்காமலிருக்க இருண்ட கோப்பையிலோ சிவப்பு விளக்கொளியிலோ ஊற்றித் தருவதுமுண்டு.

1990-களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்துச் சிற்றாலை ஒன்றில் கிரெக் நூனன் என்பவர் கருமையும் ஹாப்ஸ் கசப்பும் மிகுந்த ஏல் ஒன்றைக் காய்ச்சினார். அவ்வகைக்கு நாளடைவில் 'கறுப்பு இந்தியா பேல் ஏல்' என்று பெயர் வழங்கலாயிற்று. 'பேல்' என்றால் வெளிறியது. கறுப்பான வெளிறியது என்று பெயரிட்டவர்களுக்கு இலக்கண ஆசிரியர் வாய்க்கவில்லை போலும். அமெரிக்காவில் போட்டிக்கு வரும் பீர்களுக்கு நடுவர்கள் பரவலாக வழங்கும் மதிப்பெண் ஐம்பது: மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் தன்மைக்கு 5, முழுமைக்கு 10. இலண்டன் கலப்படக்காரர்கள் பாகு காய்ச்சிக் காப்பாற்றிய கருமைக்கு இன்று கிடைப்பது அந்த மூன்றில் ஒரு பங்கே.

காசெட் இறுதிவரை அதே நிறுவனத்தில் பணியாற்றினார். இலண்டனில் அது நிறுவிய புதிய ஆலையின் பொறுப்பிலிருந்தபோது, 1937-இல், தம் 61-ஆம் வயதில் காலமானார். அதுவரையில் அவர் ஆய்வுகளை அறிந்த பலருக்கு அவர் பெயர் தெரியாது.

மறுவாரம் வகுப்புக்குச் சென்றதும், கேள்வி கேட்ட மாணவரை எழுப்பி, "நான் சொன்னது தவறு, தம்பி" என்று தொடங்கினேன். பிறகு கரும்பலகையில் சூத்திரத்துக்கு மேலே, வில்லியம் சீலி காசெட் என்று முழுப்பெயரையும் எழுதினேன்.