உலகை ஒரு பெட்டியில் அடைத்தவர்

உலகத்து மக்கள் அனைவரையும் ஒரே பெட்டியில் அடைப்பதானால் எவ்வளவு பெரிய பெட்டி வேண்டும்? மேலே படிக்குமுன் தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆளுக்கு 6 அடி உயரம், ஒன்றரை அடி அகலம், 1 அடி கனம் என்று தாராளமாகவே கொள்வோம். ஒருவருக்கு 9 கன அடி ஆயிற்று. 1932-இல் மக்கள்தொகை ஏறத்தாழ 200 கோடி. ஆகவே வேண்டிய இடம் 1,800 கோடி கன அடி. நீளம், அகலம், உயரம் மூன்றும் அரை மைல், அதாவது 2,640 அடி உள்ள பெட்டியின் கொள்ளளவோ சுமார் 1,840 கோடி கன அடி. மனித குலம் முழுவதும் அடங்கிவிடுகிறது! இன்று நாம் 800 கோடியைத் தாண்டிவிட்டோம். தொகை நான்கு மடங்கானால் பெட்டியின் பக்கமும் நான்கு மடங்காகுமோ? ஆகாது. முக்கால் மைலுக்குச் சற்றுக் கூடுதலாக இருந்தாலே போதும். கனமூலம் கண்டு சரிபாருங்கள்.

1932-இல் வெளியான தம் புவியியல் நூலை இந்தக் கணக்கோடு தொடங்கியவர் ஹென்டிரிக் வில்லம் வான் லூன். அதோடு விட்டாரா? பெட்டியைக் கிராண்ட் கான்யன் என்னும் மாபெரும் பள்ளத்தாக்கின் விளிம்பில் நிறுத்தி, நூடில் என்ற தம் நாயை விட்டு மூக்கால் லேசாகத் தள்ளவும் செய்தார். எழுத்தில்தான்!

வான் லூன் 1882-இல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் பிறந்தவர். இருபது வயதில் அமெரிக்கா சென்று, 1905-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். செய்தியாளராக ரஷ்யப் புரட்சிக் கலவரங்களைக் கண்டார். 1911-இல் மூனிக்கில் டாக்டர் பட்டமும் பெற்றார். ஆனாலும் அவருக்குப் புகழ் தேடித் தந்தது 1921-இல் சிறுவர்களுக்காக எழுதிய மனித குல வரலாறுதான். தாய்மொழியல்லாத ஆங்கிலத்தில், எதிரே உட்கார்ந்து கதை சொல்வதுபோல் எழுதினார். படங்களையும் அவரே மைப்பேனாவால் வரைந்தார். சிறந்த சிறுவர் நூலுக்கான நியூபெரி பதக்கம் 1922-இல் முதன்முதலாக வழங்கப்பட்டபோது, அதைப் பெற்றது இந்த நூலே.

சிறுவயதில் மாமாவுடன் ராட்டர்டாமின் புனித லாரன்ஸ் ஆலயக் கோபுரத்தில் ஏறியதை அதன் முன்னுரையில் சொல்கிறார். வரலாறும் அத்தகைய கோபுரந்தான் என்பது அவர் கருத்து. மனித குலத்தின் போக்கை மாற்றிய கருத்தோ செயலோ இருந்தால்தான் ஒருவருக்கு நூலில் இடம் என்று விதியும் வகுத்துக்கொண்டார். நல்ல விதிதான். ஆனால் கோபுரத்திலிருந்து பார்ப்பவருக்கு அருகிலுள்ள வீடுகள் பெரியவையாகவும் தொலைவிலுள்ளவை புள்ளிகளாகவுமே தெரியும் அல்லவா? ஐரோப்பாவுக்குப் பக்கம் பக்கமாக இடம் தந்தவர், புத்தரையும் கன்பூசியஸையும் ஒரே அத்தியாயத்தில் முடித்துவிட்டார். இந்தியச் சிறுவன் தன் நாட்டை அந்நூலில் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

ஹிட்லரின் 'எனது போராட்டம்' நூலுக்கு எதிராக 1938-இல் 'நமது போராட்டம்' என்னும் நூலை எழுதினார். 1940 மே 14 அன்று ஜெர்மன் விமானங்கள் ராட்டர்டாமின் நடுப்பகுதியைக் குண்டு வீசி அழித்தன. லாரன்ஸ் ஆலயமும் எரிந்தது. ஆனால் கோபுரம் நின்றது. அதன்பின் அவர் அமெரிக்காவிலிருந்து சிற்றலை வானொலியில், அடிமைப்பட்ட தம் மக்களோடு அவர்கள் மொழியிலேயே பேசினார். 'ஹெங்க் மாமா' என்பது அங்கே அவர் பெயர். 1944 மார்ச் 11-இல் அவர் காலமானார். ஜெர்மன் படைகள் நெதர்லாந்தில் சரணடைந்தது 1945 மே மாதத்தில்.