விழுந்த மரத்தை அகற்றியது யார்?

சாரல் காலத்தில் குற்றாலம் வருகிறவர்கள் காற்றை ரசித்துவிட்டுப் போகிறார்கள். ஆனியிலும் ஆடியிலும் செங்கோட்டைக் கணவாய் வழியாக இறங்கும் அதே காற்றுதான் தென்காசி வட்டாரத்தில் முருங்கையை முறிக்கிறது, தென்னையைச் சாய்க்கிறது. அதற்குத் தப்பிய மரங்களில் சில, ஐப்பசி கார்த்திகை மழையில் மண் ஊறி வேர்ப்பிடி தளர்ந்து விழுகின்றன. மறுநாள் நாளிதழில் ஒரு மூலையில், மரம் அகற்றப்பட்டது, போக்குவரத்து சீரானது என்று செய்தி வரும். அகற்றப்பட்டது, சரி. அகற்றியது யார்? செயப்பாட்டு வினை ரொம்ப வசதியானது. அதில் ஆள் இருக்க வேண்டியதில்லை.

அந்த ஆளைத்தான் நாம் தேடுகிறோம்.

சோழர் காலக் கல்வெட்டுகளில் வரி இனங்களின் பெயர்களைப் பார்த்தால் 'வெட்டி' என்ற சொல் திரும்பத் திரும்ப வரும். கூலி இல்லாமல் உடம்பால் கட்ட வேண்டிய வரி அது. ஜப்பானிய ஆய்வாளர் நொபொரு கராஷிமா இப்படிப்பட்ட வரிச் சொற்களை எண்ணிக் கணக்கெடுத்தவர். அந்தச் சொல் இன்றும் நம் வாயில் இருக்கிறது. ஆனால் 'வெட்டி வேலை' என்றால் இப்போது உருப்படாத வேலை என்று பொருள். கூலி கொடுக்காமல் வாங்கிய வேலையை, வாங்கியவர்களே உருப்படாத வேலை என்று பெயரிட்டுவிட்டார்கள். செய்தவர்களைக் கேட்டிருந்தால் வேறு பொருள் சொல்லியிருப்பார்கள். ஊருக்குப் பறை அறைந்து சேதி சொன்னவர், செத்த மாட்டை அப்புறப்படுத்தியவர், பிணம் எரித்தவர் என்று பல ஊர்களில் ஒரே மனிதருக்கு வைக்கப்பட்ட பெயர் 'வெட்டியான்'. ஊருக்கு எது இடைஞ்சலாகக் கிடந்தாலும் சேரியை நோக்கித்தான் ஆள் அனுப்புவார்கள்.

வெள்ளைக்காரன் வந்து இதை மாற்றினானா? எழுதி வைத்தான். 1858ஆம் ஆண்டின் முதலாம் சட்டம், சென்னை மாகாணக் கட்டாய உழைப்புச் சட்டம். வெள்ளம் வந்து ஏரிக்கரையோ ஆற்றங்கரையோ உடையும் நிலை ஏற்பட்டால், சுற்றுவட்டாரத்தில் உள்ள உடல் திடமான ஆண்களைக் கரை காக்க அழைக்கலாம் என்றது அது. எல்லா ஆண்களையும் அல்ல. 'உழைக்கும் வர்க்கத்து' ஆண்களை. கரை உடைந்தால் மூழ்கப் போவது யாருடைய வயலாக இருந்தாலும், இடுப்பளவுத் தண்ணீரில் மரமும் மண்ணும் சுமக்க வேண்டியவர் யார் என்பதைச் சட்டம் முன்கூட்டியே தீர்மானித்துவிட்டது. கூலி கிடைக்கலாம். வர மாட்டேன் என்று சொல்லும் உரிமை கிடையாது.

தென்காசிக்காரர்களான நமக்கு இதில் இன்னொரு கணக்கும் உண்டு. தென்காசியும் குற்றாலமும் ஆங்கிலேயர் ஆண்ட திருநெல்வேலிச் சீமை. கூப்பிடு தூரத்தில் இருக்கும் செங்கோட்டை, 1956 நவம்பர் 1இல் தமிழகத்தோடு சேரும் வரை திருவிதாங்கூர்ப் பக்கம். அங்கே இதற்கு 'ஊழியம்' என்று பெயர். நடுவில் ஒரு எல்லைக்கோடு, இந்தப் பக்கம் ஒரு பெயர், அந்தப் பக்கம் ஒரு பெயர். சுமந்த தோள் மட்டும் ஒரே சாதிகளுடையது.

உழைப்பு வேண்டும், உழைத்தவர் வேண்டாம் என்பதற்குக் குற்றால அருவியே சாட்சி. 1934 ஜனவரியில் ஹரிஜன யாத்திரையாக இங்கு வந்த காந்தி, தீண்டப்படாதவர்களுக்கு அருவியில் குளிக்க அனுமதி இல்லை என்று அறிந்து தானும் குளிக்காமல் போனார். காந்தியோடு நமக்குள்ள வழக்கு பெரியது, அதை வேறொரு நாள் பேசலாம். அருவித் தண்ணீருக்கே சாதி பார்த்த ஊர் இது என்பதற்கு மட்டும் அந்தச் சம்பவத்தை எடுத்துக்கொள்வோம். இன்று மலையில் வெள்ளம் வந்து கட்டையும் கல்லும் அருவிக்கரையில் குவிந்தால், தடாகத்தில் இறங்கிச் சுத்தம் செய்கிறவர்கள் தூய்மைப் பணியாளர்கள். அவர்கள் முடித்த பிறகுதான் 'சுற்றுலாப் பயணிகளுக்கு அனுமதி' என்று அறிவிப்பு வரும்.

புரட்சியாளர் அம்பேத்கர் இந்த 'ஊர் வேலை'யின் ஆணிவேரைப் பார்த்தவர். மகர்களைப் பரம்பரை ஊழியத்தில் கட்டிப்போட்ட வதன் முறையைத் திருத்த 1928இலேயே பம்பாய்ச் சட்ட மேலவையில் மசோதா கொண்டுவந்தார். அவர் தலைமையிலான வரைவுக் குழு உருவாக்கிய அரசமைப்புச் சட்டத்தின் 17ஆம் கூறை எல்லோரும் சொல்கிறோம், 23ஐ அவ்வளவாகச் சொல்வதில்லை. அது கட்டாய உழைப்பைத் தடை செய்கிறது. பொதுக் காரியத்துக்காக அரசு கட்டாயப் பணி விதிக்கலாம், ஆனால் மதம், இனம், சாதி, வர்க்கம் இவற்றை மட்டும் காரணமாக வைத்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது அதன் இரண்டாம் உட்பிரிவு. 1858இன் 'உழைக்கும் வர்க்கத்து ஆண்கள்' என்ற சொற்களுக்கு நேரடியான பதில் போலவே அது இருக்கிறது. 1982இல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி போனது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வாங்கும் வேலையும் கட்டாய உழைப்புதான் என்றது.

சட்டம் இப்படி. நடப்பு எப்படி? 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் உடல்களை எடுக்க வெளியூர் நகராட்சிகளின் தூய்மைப் பணியாளர்கள் வரவழைக்கப்பட்டார்கள். 2015 சென்னை வெள்ளக் குப்பைக்கும் அப்படித்தான். 23(2)ஐ யாரும் மீறவில்லை என்பார்கள், ஏனென்றால் யாரையும் சாதி சொல்லிக் கூப்பிடவில்லை. 'தூய்மைப் பணியாளர்' என்று கூப்பிட்டாலே போதுமே.

கஜா புயலில் இந்தக் கணக்கு ரூபாயிலேயே வெளிவந்தது. 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கரையேறிய அந்தப் புயலில் டெல்டாவின் தென்னந்தோப்புகள் அடியோடு சாய்ந்தன. விழுந்த மரம் ஒன்றுக்கு 600 ரூபாய், அதை வெட்டி அகற்ற 500 ரூபாய், ஆக 1,100 ரூபாய் என்று அரசு அறிவித்தது. ஹெக்டேருக்கு 175 மரம் என்று வைத்து 1,92,500 ரூபாய். தோப்புக்காரரின் இழப்பு உண்மையானது, அவருக்குக் கொடுத்தது நியாயம், குறைவும்கூட. ஆனால் அந்த 500 ரூபாயும் நில உடைமையாளர் கணக்கில்தான் சேர்ந்தது. அறுத்தவருக்கு எவ்வளவு என்று அறிவிப்பில் இல்லை. அந்தத் தோப்பில் காய் பறித்தும், மட்டை உரித்தும், கீற்று முடைந்தும் பிழைத்த நிலமற்ற குடும்பத்துக்கு மரம் போனது ஒரு பிழைப்பே போனது. அதற்கு மரக்கணக்கில் இடமில்லை.

நம் கூரையின்மேல் மரம் விழுந்தாலும் இதே உடைமைக் கேள்விதான் முதலில் வந்து நிற்கும். மரம் பண்ணையாருடையது, கூரை நம்முடையது. அவர் வரும் வரை வெட்ட முடியாது, வெட்டினால் விறகு விலை அவருக்கு. புறம்போக்கு மரம் என்றால் 2சி கணக்கில் மர பட்டா யார் பெயரில் என்று பார்க்க வேண்டும். சேரிக்காரர் பெயரில் எத்தனை இருக்கிறது என்று ஊர்க் கணக்கைத் திறந்து பாருங்கள்.

ஆகவே தோழர்களே, வெட்டும் முன் படம் எடுங்கள். கூரையோடு சேர்த்து எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள். மரத்தை எடுத்துவிட்டால் சேதத்துக்குச் சாட்சி இல்லை. கம்பி அறுந்து மரத்தில் கிடந்தால் மரத்தையே தொடாதீர்கள். மின்னகம் 94987 94987, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077. விறைப்பாக வளைந்து கிடக்கும் கிளையை அறுத்தால் அது தெறித்து அடிக்கும். வேரோடு சாய்ந்த மரத்தின் தண்டை அறுத்தவுடன் அடிக்கட்டை குழியை நோக்கித் திரும்ப எழும்பும், அந்தக் குழிக்குள் ஆளோ பிள்ளையோ நிற்கக் கூடாது. ஓட்டுக் கூரையின் மேல் கிடப்பதைக் கயிறு கட்டித் துண்டு துண்டாக இறக்க வேண்டும். இதெல்லாம் நம் ஆட்களுக்குக் கைவந்த அறிவு. அரசு இதைத் திறன் என்று ஒப்புக்கொண்டு கூலி போடட்டும்.

நிவாரணத்தில் சாதிப் பாகுபாடு கூடாது என்று 2005 பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 61ஆம் பிரிவு சொல்கிறது. வேலை பிரித்துக் கொடுப்பதில் பாகுபாடு பற்றி அந்தப் பிரிவில் ஒரு சொல் இல்லை. மரம் அறுக்கும்போது அடிபட்டால் இழப்பீடு கேட்கச் சட்டம் இருக்கிறது. ஒப்பந்தக்காரர் கையை விரித்தாலும் வேலையைக் கொடுத்த முதன்மை நிர்வாகம் பொறுப்பேற்க வேண்டும். ஆனால் அன்றைக்கு அவர் அந்த வேலையில் இருந்தார் என்பதற்குத் தாள் வேண்டும். பெயரெழுதாமல் லாரியில் ஏற்றிக்கொண்டு போனால் தாள் எங்கிருந்து வரும்?

நவம்பர் 1, உள்ளாட்சி நாள் கிராம சபை. மழைக்காலம் நடுவில் இருக்கும் நேரம். போன புயலுக்கு நம் ஊராட்சியில் மரம் வெட்டியவர்கள் யார் யார், ஒவ்வொருவருக்கும் கொடுத்த கூலி எவ்வளவு, கையுறையும் இயந்திர ரம்பமும் யாருக்குக் கொடுத்தார்கள் என்ற மூன்று கேள்விகளையும் எழுத்தில் கேட்டு, தீர்மானப் புத்தகத்தில் பதியச் சொல்வோம்.